நடப்புக் கணக்கு விற்கும் மேலாளர்களுக்கு, மாட்டுத்தாவணியிலிருந்து

மதுரை வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து விடியுமுன் மல்லி வந்து இறங்கிவிடும். பத்து மணிக்கு நீங்கள் ஷட்டரைத் தூக்கும்போது எங்களுக்குப் பாதி வியாபாரம் முடிந்திருக்கும்; கல்லாவில் ஈரம் காயாத பத்தும் இருபதுமாக நோட்டு கிடக்கும். இந்தப் பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்பதில் நான் ஆறு மாதம் ஏமாந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

வங்கியின் பெயர் வேண்டாம். வியாபாரத்துக்கான நடப்புக் கணக்கு தொடங்கப் போனபோது வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று வகை அச்சடித்த வழவழப்பான தாளை நீட்டினார்கள். நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று இருந்தது. முதல் கேள்வியே, "ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கா?" உதிரி மல்லிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, வரியில்லாத சரக்கு மட்டும் விற்கிறவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. பூ மார்க்கெட் உள்ள ஊரில் இதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையும் மாநகராட்சி உரிமத்தையும் காட்டிய பிறகு விண்ணப்பம் கைக்கு வந்தது. "வெள்ளியே போதும் சார், சராசரி இருப்பு 10,000 வைத்தால் போதும்" என்றார் அங்கிருந்த தம்பி. குறைவாகக் கேட்கிறார்களே என்று நானும் தலையாட்டினேன். மாதம் எவ்வளவு ரொக்கம் கட்டுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. வெள்ளிக் கணக்கில் மாதம் 2 லட்சம் வரைதான் ரொக்கம் கட்ட இலவசம். அதற்கு மேல் கட்டினால் ஆயிரத்துக்கு 3 ரூபாய் கட்டணம். நான் கட்டுவது சுமார் 6 லட்சம். மீதி 4 லட்சத்துக்கு 1,200 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216 ரூபாய். ஜவுளிக்கடைக்காரராக இருந்தால் அந்த 216-ஐத் தன் வரியில் கழித்துக்கொள்வார். ஜிஎஸ்டி எண்ணே இல்லாத எனக்குப் போனது போனதுதான். மாதம் 1,416 ரூபாய், ஆறு மாதத்துக்கு 8,496. மூட்டை தூக்கும் பையனுக்குத் தீபாவளி போனஸ் கொடுத்திருப்பேன்.

அதே தாளில் இருந்த தங்கக் கணக்கில் சராசரி இருப்பு 1 லட்சம் வேண்டும்; ஆனால் 10 லட்சம் வரை ரொக்கம் இலவசம். நடப்புக் கணக்குக்கு வட்டி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, அந்த லட்சம் சும்மா கிடக்கும். 6 சதவீத வைப்பில் போட்டிருந்தால் வருஷத்துக்கு 6,000 வந்திருக்கும். அதுதான் எனக்கு நஷ்டம். வெள்ளியில் வருஷத்துக்குப் போவதோ 16,992. சின்னக் கணக்குதான் எனக்குப் பெரிய செலவு!

பக்கத்தில் மாலை கட்டி விற்கும் அக்காவுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவர் கடையில், போனில் பணம் வந்ததும் அறிவிக்கும் பெட்டி "ரூபாய் நாற்பது பெறப்பட்டது" என்று கத்திக்கொண்டே இருக்கும். ரொக்கம் கட்ட அவர் வங்கிப் படியேறுவதே அபூர்வம். அவர் தலையில் தங்கத்தைக் கட்டினால் அது அநியாயம்.

அப்புறம் இந்தச் சராசரி. இருப்பு ஒரு நாளும் 1 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் அபராதம் என்றுதான் மார்க்கெட்டில் பலரும் நினைத்துப் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாள் கணக்கால் வகுப்பதுதானே உங்கள் முறை? 3 லட்சம் பத்து நாள் கிடந்தால் 30 நாள் மாதத்துக்குச் சராசரி 1 லட்சம் வந்துவிடுகிறது. விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்து மீதி இருபது நாள் கணக்கைத் துடைத்து வைத்தாலும் அபராதம் இல்லை. இதை ஏன் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை? மாதச் சராசரியா, மூன்று மாதச் சராசரியா என்பதும் எங்களுக்குப் பெரிய விஷயம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பனியில் வரத்தும் குறைவு. மூன்று மாதச் சராசரி என்றால் தை வந்து தூக்கிவிடும். மாதச் சராசரி என்றால் ஜனவரியில் மாட்டிக்கொள்வோம்.

சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, ஒரு மாதமாவது அவகாசம் கொடுத்த பிறகே அபராதம் போட வேண்டும் என்று 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. நடப்புக் கணக்கு வைத்திருக்கும் எங்களுக்கும் அதையே நீங்களாகச் செய்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு குறுஞ்செய்தி, தமிழில்.

கணக்கு தொடங்கும்போதே நாலு விஷயம் கேளுங்கள்: மாதம் எவ்வளவு ரொக்கம், எந்த நோட்டு, எந்தக் கிளையில் கட்டுவீர்கள், எத்தனை நாள் பணம் தங்கும். தொடங்கிய கிளையில் கட்டினால் ஒரு கட்டணம், வேறு கிளையில் கட்டினால் வேறு கட்டணம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். என் கணக்கு ஊருக்குள் இருக்கிறது, கடை மாட்டுத்தாவணியில். மெஷினில் போடச் சொல்லாதீர்கள், பத்தையும் இருபதையும் அது துப்பிவிடுகிறது.

திங்கட்கிழமை பத்தரைக்கு, தங்கக் கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கடிதத்தோடு என் கிளைக்கு வருகிறேன். பையில் நாற்பது கட்டு இருபது ரூபாய் நோட்டும் இருக்கும். எண்ணுவதற்கு ஆள் வையுங்கள்.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணி கமிஷன் கடைக்காரன்