65 சென்டிமீட்டர்

அன்புள்ள குட்டிம்மா,

நலமா? வேளைக்குச் சாப்பிடு. இரவு சீக்கிரம் தூங்கு. மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். அத்தை ஏதோ சொன்னாள். நான் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

போன வாரம் குளத்தோரம் ஒரு தண்டில் தட்டான் கழற்றிப்போட்ட தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. முதுகு பிளந்திருந்தது, பிளவுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல்கள், அவை மூச்சுக்குழாய்களின் உறையாம். மாதக்கணக்கில், சில வகை வருடக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டு மேலேறி வருகிறது. அதுவரை அது அங்கே இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஊசித்தட்டான் உட்கார்ந்தால் பெரும்பாலும் இறக்கையைச் சேர்த்து வைக்கும், தட்டான் விரித்தே வைக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்வேன். உன்னிடம்தான் சொன்னதில்லை. ஒரு போன் செய்தால் என்ன குறைந்துவிடும்? சரி, விடு. தூக்கத்தை மட்டும் கெடுத்துக்கொள்ளாதே.

அப்புறம் தேடித்தேடிப் படித்தேன். பிரான்சின் கொமாந்த்ரி நிலக்கரிப் படுகையில் 1880-இல் ஒரு புதைபடிவம் கிடைத்திருக்கிறது. மெகாநியூரா, தட்டானுக்குத் தூரத்து உறவு, சுமார் 30 கோடி ஆண்டுப் பழசு. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். உன் பழைய அடி ஸ்கேலை மேசையில் வைத்து அளந்தேன். இரண்டு தடவை வைத்தும் போதவில்லை. அன்றைக்குப் பறவை கிடையாது. பூ கிடையாது. வானத்தில் பறந்தவை பூச்சிகள் மட்டும்தான்.

ஒன்பது வயதில் நீ வரைந்தாயே, மரம் மரமாகப் பெரணி, நடுவில் உன் கையைவிட நீளமான தட்டான், அதன் முதுகில் நீ. "பூவே இல்லாத காடா? இவ்வளவு பெரிய தட்டானா? பொய்யை வரையாதே, கணக்கைப் போடு" என்று கிழித்துப்போட்டேன். நீ அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை. அளந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காடு சரி, அளவும் சரி. நான்தான் தப்பு, கண்ணு.

அந்தத் தோலைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எடுக்கும்போது ஒரு கால் ஒடிந்துவிட்டது. மற்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. வரும்போது பார்.

சீக்கிரம் தூங்கு.

அப்பா