ரசீது இல்லாத கட்டணத்துக்கு யார் பொறுப்பு? கட்டண நிர்ணயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சுயநிதித் தொழிற்கல்விக் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத் தேர்வுக்கு முந்தைய நாள், என் மகளும் அவளுடைய வகுப்புத் தோழியர் சிலரும் நுழைவுச் சீட்டு தரப்படாமல் கல்லூரி அலுவலக வாசலில் மாலை வரை நிறுத்திவைக்கப்பட்டார்கள். அவர்கள் கலந்தாய்வு வழியே அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள். குழு நிர்ணயித்த கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்காதவர்கள். பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் கல்லூரி தனியாகக் கேட்ட தொகையைக் கட்டவில்லை என்பது மட்டுமே காரணம். எங்கெங்கோ கேட்டுப் பணத்தைப் புரட்டி, அன்று மாலையே கொண்டுபோய்க் கட்டினோம். ரசீது பிறகு தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை தரவில்லை.

சட்டத்தைத் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் நம் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கல்லூரிகள் வளர்ச்சிக்காக நியாயமான உபரியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கல்வியைக் கொள்ளை லாபத் தொழிலாக்கக் கூடாது என்று டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2002-இல் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டுத் தீர்ப்பின் வழியே இத்தகைய குழுக்கள் பிறந்தன. 2017-இல் அரசு ஒதுக்கீட்டுப் பொறியியல் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்றும் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, அதை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் கணக்குப் போட்டோம். ஆய்வகமும் நூலகமும் பயிற்சியும் இல்லாமல் பொறியியல் படிப்பு என்று ஒன்று உண்டா? அவற்றுக்கான செலவைக் கட்டணத்துக்கு வெளியே வைத்து மறுபடியும் வசூலிக்க முடியும் என்றால், குழு நிர்ணயிக்கும் தொகைக்கு என்ன பொருள் என்று தாங்களே சொல்ல வேண்டும்.

இந்தக் கூடுதல் தொகை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்காவது ஏதோ ஒரு வழி இருக்கிறது. கல்லூரி தரும் கட்டண விவரச் சான்றைப் பார்த்து வங்கி கடன் தருகிறது. அந்தப் பணமும் நேராகக் கல்லூரியின் கணக்குக்கே போய்விடுகிறது. முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைகிறது. ஆனால் சான்றில் எழுதப்படாத, ரசீது தரப்படாத தொகைக்கு வங்கியும் வராது, உதவித்தொகையும் வராது. அதைக் குடும்பம் ரொக்கமாகத்தான் புரட்ட வேண்டும். முதல் பருவத்தில் அடகுக்குப் போன நகை மீள்வதற்குள் அடுத்த பருவம் வந்துவிடுகிறது. நகை தீர்ந்தபின் வட்டிக்காரரிடம் கைநீட்ட வேண்டியிருக்கிறது. அங்கே வாங்கும் சில ஆயிரங்களுக்குக் கட்டும் வட்டி, வங்கியில் வாங்கிய லட்சங்களுக்கான வட்டியைவிடக் கடுமையாக அழுத்துகிறது. எங்கள் வீட்டில் இளையவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, "அக்கா படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தானாகவே சொல்லிவிட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வங்கிக் கடனும் எளிதாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படிக்கும் காலத்துக்கான முழு வட்டி மானியம், ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கே உரியது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய் அந்த வரம்பைச் சிறிதளவு தாண்டிவிட்டால், மகள் படித்து முடிக்கும்போது நான்காண்டு வட்டியும் சேர்ந்து நிற்கிறது. 7.5 லட்சத்துக்கு மேல் கடன் கேட்டால் சொத்தைப் பிணையமாக வைக்கச் சொல்கிறார்கள். சொத்து இருந்தால் கடனுக்கு ஏன் போகிறோம்? வரம்புகளையும் மானியங்களையும் வகுப்பவர்கள் யாரும் கல்லூரி அலுவலக வாசலில் ஒரு நாளாவது நின்றதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இவற்றுள் பலவும் தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்பதை அறிவேன். தங்கள் கையில் உள்ளதையே கேட்கிறேன்.

ஓர் இடத்துக்கு நான்கு ஆண்டுகளிலும் ஆகும் மொத்தச் செலவை, எந்தப் பெயரில் வாங்குவதானாலும், ஒவ்வொரு கல்லூரியும் கலந்தாய்வு தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். அறிவித்ததற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

கூடுதலாக வசூலித்தால் புகார் செய்யுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்குச் சொல்லப்படுகிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் கல்லூரியின் கையில் இருக்கும்போது, எந்தப் பெற்றோர் தம் பிள்ளையின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிப் புகார் அனுப்புவார்? மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்த பின்னும், அவற்றைத் திரும்பக் கேட்கப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். எனவே எங்கள் புகாருக்காகக் காத்திராமல், அறிவிக்கப்பட்ட தொகையையும் வசூலான தொகையையும் குழுவே நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; மாணவர்களிடம் பெயர் கேட்காமல் விசாரிக்க வேண்டும்; ரசீது இல்லாத வசூல் தெரியவந்தால் அதைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும்.

மீண்டும் அதே கோரிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்: முழுத் தொகையையும் முன்னரே அறிவிக்கச் செய்யுங்கள், அதற்கு மேல் வாங்குவதைத் தடுத்து நிறுத்துங்கள். அடுத்த கலந்தாய்வுக்கான அறிவிப்பு வெளிவரும் முன் இதற்குரிய ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு ஒதுக்கீட்டில் பயிலும் பொறியியல் மாணவி ஒருவரின் தாய்