வீட்டைத் திருப்புவம்

அன்பு மகன்,

வட்ஸ்அப்பில நீ அனுப்பின பிளானைப் பக்கத்துவீட்டுப் பிள்ளை பெருப்பிச்சுக் காட்டினவள். மேல்மாடி, நாலு அறை, மேற்குப் பக்கம் முழுச்சுவருக்கும் கண்ணாடி. வடிவாத்தான் கிடக்கு. ஆனா அந்த நாலு அறையையும் ஆர் ராசா கூட்டுறது? நீங்கள் வாறது ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, மூண்டு கிழமை. மிச்சக் காலம் நானும் பூனையும்.

இருக்கிற வீட்டை இடிக்கவேண்டாம். மீள்குடியேறி வந்த புதுசில வீட்டுத்திட்டத்தில கட்டின 550 சதுர அடி, எனக்குக் காணும். பிழை அளவில இல்லை. எல்லாரும் றோட்டைப் பார்த்து வாசல் வைக்க நாங்களும் வைச்சம். தலைக்கு மேல ஒரு கூரை வந்தாப் போதுமெண்டு இருந்த நேரம், எந்தப் பக்கம் பார்க்கிறதெண்டு ஆர் யோசிச்சது? வயலுக்கு முதுகைக் காட்டிப்போட்டம். பின்பக்கம் இருக்கிறது குசினி யன்னல் ஒண்டுதான். அதுவும் நாலடி உயரத்தில. தேங்காய் திருவக் குந்தினால் வானம் மட்டும்தான் தெரியும்.

அப்பா இதைக் கண்டுபிடிச்சவர் போல. கடைசி வருசம் முழுக்கத் தன்ர சாய்மனைக் கதிரையைப் பின்னால வேம்புக்குக் கீழதான் போடச் சொன்னவர். நான் புழுக்கத்துக்கெண்டு நினைச்சன்.

போன கிழமை அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வளவெல்லாம் திரிஞ்சனான், சிரியாதை. காலமை ஒரு இடம், மத்தியானம் ஒரு இடம், பொழுதுபட ஒரு இடம். இருந்து பார்த்து நல்லாயிருந்த இடத்தில வேலிக்கு நடுற கதியால் தடியொண்டு குத்தினன். நாலு நாளில பதினொரு தடி. ஏழு தடி குசினிக்குப் பின்னால, வடக்குப் பக்கம். அதில இருந்தால் வயல், வாய்க்கால், வாய்க்கால் கரை மருதமரம், அதுக்கங்கால ஒண்டுமில்லை, வெளிதான். இந்தமுறை சிறுபோகத்துக்கு, கோடை விதைப்புக்கு, எங்கட பக்கம் தண்ணி இல்லை. வெட்டின நெல்லின்ர அடித்தாள்தான் கிடக்கு, ஆனா விடிய ஆறு மணிக்கு மயில் இறங்கி மேயுது. மார்கழியில இதே இடம் எப்பிடிப் பச்சையாயிருக்குமெண்டு உனக்குத் தெரியும்.

மேற்கில ஒரு தடியும் நிக்கேல்லை. பொழுது படுறது வடிவுதான், ஆனா மூண்டு மணி வெயில் அந்தச் சுவரில அடிச்சால் ராத்திரி ஒன்பது மணிக்கும் கைவைக்க ஏலாது. இப்ப சோளகக் காத்தும் புழுதியும் வேற. கண்ணாடி போட்டால் நான் அதுக்குத் திரைச்சீலை வாங்கி மூடிக்கொண்டு இருக்கவேணும். கக்கூசும் குளியலறையும் சாமானறையும் மேற்கில நிக்கட்டும். வெயிலை அதுகள் வாங்கட்டும்.

அதால நான் கேக்கிறது இவ்வளவுதான். குசினியின்ர பின்சுவரை ஆறடி திறந்து, வீட்டு அகலத்துக்கு, 22 அடி நீளத்தில ஒரு விறாந்தை. சுத்திவர இருக்கிறதுக்குக் குந்துச்சுவர், ஒன்றரையடி உயரம், அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். என்ர அறை யன்னலையும் கீழ இறக்கவேணும். மேசன் மூண்டடிக்குக் கீழ வைக்கிறேல்லையெண்டு நிக்கிறார். அது நிண்டு பார்க்கிற ஆக்களுக்கு, நான் படுத்திருந்து பார்க்கிறவள் எண்டன். ஒண்டேகாலடியில இழுபட்டுக்கொண்டிருக்கு.

வடக்கெண்டால் வெயில் வராதெண்டு நீ நினைப்பாய். ஏப்ரல் நடுவில சூரியன் எங்கட உச்சியைத் தாண்டி வடக்கால போகும், ஓகஸ்ட் கடைசியிலதான் திரும்பும். ஆனா மத்தியானம் நல்லா உயரத்தில நிக்கிறதால தாழ்வாரம் நாலடி நீண்டால் உள்ளுக்கு வராது. மழைதான் வில்லங்கம். வாடை மழை வடகிழக்காலதான் வரும், தூவானம் நேர விறாந்தைக்குள்ள. எட்டடி அகலமெண்டால் கதிரை நனையும். பத்தடி வேணும், ஓட்டுக்கூரையை ஆறரையடிவரை தாழ்த்தவேணும். நிண்டு பார்த்தால் மருதமர நுனி மறையும், இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தகரம் வேண்டவே வேண்டாம், மழைச்சத்தத்தில கதைக்க ஏலாது. ஓட்டைக் குரங்கு கிளப்பும், அதுக்கு முன்வரிசை ரெண்டையும் சீமெந்து வைச்சு இறுக்கலாம்.

நிலத்தைத் தாழ்த்திப் படி வைப்பமெண்டு மேசன் சொன்னார். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தபோது தண்ணி வயலைத் தாண்டி எங்கட கடைசிப் படியில நிண்டதை அவருக்குக் காட்டினன். வீட்டு நிலமும் விறாந்தை நிலமும் ஒரே மட்டம். என்ர முழங்காலுக்கும் அதுதான் சரி.

வேம்பு விறாந்தையின்ர கிழக்கு மூலையில குறுக்க வருது. மேசன் வெட்டச் சொல்லுறார். நான் குந்தை அந்த இடத்தில வளைக்கச் சொன்னனான், கூலி கூடும். அந்தக் காசை மட்டும் நீ கணக்குப் பார்க்காதை.

ஐப்பசிக்கு முன்னம் ஓடு போடவேணும். வெள்ளிக்கிழமை மேசன் கயிறு பிடிக்க வாறார். அதுக்குள்ள பத்தடிக்கு ஓமெண்டு ஒரு சொல் அனுப்பு. கதிரை வேம்புக்குக் கீழதான் நிக்குது, தடியொண்டும் இன்னும் பிடுங்கேல்லை.

அம்மா