எங்க மஹ்சீர் மீன தூக்கி நிறுத்துன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மஹ்சீர்ங்கற ஆத்து மீனோட உருவத்த செஞ்சு வெச்ச எங்க கண்காட்சி நேத்து சாயங்காலம் நல்லபடியா முடிஞ்சுது. வெள்ளத்துல என்ன ஆச்சுன்னு திரும்ப எழுத மனசில்ல, தேவையும் இல்ல, அந்த ராத்திரி பெண்ணையாத்துத் தண்ணி யார் யார் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு கடலூர்ல எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுச் சேறே இன்னும் காயல, அப்படி இருந்தும் ஒரு மீனுக்காக வந்து நின்னீங்களே, அத நெனைச்சா இப்பவும் தொண்டைய அடைக்குது.

ஹால்ல மோட்டர் போட்டு தண்ணிய இறைச்ச தம்பிங்க, கரன்ட் எப்ப வரும்னு நாங்க நச்சரிச்சதுக்கு கோவப்படாம வந்து லைன் குடுத்துட்டுப் போன ஊழியர்கள், ஊறிப்போன ஃப்ளெக்ஸ் எல்லாத்தயும் காசு வாங்காம திரும்ப அடிச்சுக் குடுத்த மஞ்சக்குப்பம் கடைக்கார அண்ணன், பாண்டிலேருந்து பெயின்ட்ட பஸ்ல தூக்கிட்டு வந்த காலேஜ் பசங்க, சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருக்கும் கை எடுத்து கும்பிடறேன்.

ஆனா இந்த மடல் முக்கியமா ஒருத்தருக்கு. துறைமுகத்துல மீன் அரிஞ்சு குடுக்கற ஆயா. பக்கத்துத் தெருவுல மக வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாங்க, நாங்க சேறு தள்ளற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தாங்க. நடு ஹால்ல எங்க மஹ்சீர் கெடந்துச்சு. மூங்கில் பிளாச்சும் பேப்பர் கூழும் வெச்சு ஆள் நீளத்துக்கு செஞ்சது, கூழெல்லாம் கரைஞ்சு வெறும் எலும்புக்கூடா நின்னுச்சு. பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல வெட்டி தங்கக் கலர் அடிச்ச செதில் மட்டும் கெடாம ஒரு பக்கெட் நெறைய இருந்துச்சு. நாங்க உடம்ப எப்படியோ தேத்திட்டோம், செதில் ஒட்ட ஆளும் இல்ல நேரமும் இல்ல.

ஆயா ஒண்ணும் கேக்கல. சாக்க விரிச்சு கால நீட்டி வால் பக்கம் உக்காந்துட்டாங்க. முதல் வரிசைய வாலடியில ஒட்டி, அதுமேல பாதி ஏறறாப்ல அடுத்த வரிசை, அப்படியே தலைய நோக்கி. "கூர வேயறவன் கீழேருந்துதானே கீத்து வெப்பான் கண்ணு, இதுவும் அப்படித்தான், அதனாலதான் மீன அரியும்போது கத்திய வாலுலேருந்து தலைக்குத் தள்றோம்"னாங்க. வயித்துப் பக்கம் செதில் சின்னதா இருக்கும்னு ஒவ்வொண்ணயும் கத்திரியால நறுக்கி நறுக்கி வெச்சாங்க. விரல் பூரா பழைய வெட்டுக்காயத் தழும்பு, ஆனா ஒரு செதில் கூட கோணலா உக்காரல.

ஒட்டிக்கிட்டே கேட்டாங்க, இது எந்தக் கடல்லன்னு. கடல் இல்ல ஆயா, மஹ்சீர்ல இந்தக் கூன்முதுகு வகை காவேரியிலயும் அதுல வந்து சேர்ற ஆறுங்கள்லயும் மட்டும்தான், மோயாறு, பாம்பாறு, அப்படின்னேன். அம்பது கிலோவுக்கு மேல வளரும், 1946ல கபினி ஆத்துல 120 பவுண்டுல (கிட்டத்தட்ட 54 கிலோ) ஒண்ணு புடிச்சிருக்காங்க, இவ்ளோ பெரிய மீன் எந்த இனம்னு 2018லதான் விஞ்ஞானிங்க உறுதியா சொன்னாங்க, ரமாதேவிங்கற மீன் விஞ்ஞானி பேர அதுக்கு வெச்சிருக்கு, அதே வருஷம் அழியற ஆபத்துல இருக்கற உயிருங்க பட்டியல்ல ரொம்ப மோசமான படிக்கும் வந்துடுச்சுன்னேன். "அப்ப அந்த ஆத்துல இல்லன்னா உலகத்துலயே இல்லியா?"ன்னாங்க. ஆமான்னேன். கொஞ்ச நேரம் கை நின்னுடுச்சு.

அப்புறம் சரமாரியா கேள்வி. சினை எங்க விடும்? மழைக்கு ஆறு பெருகும்போது மேல ஏறிப் போயி. அப்ப அணை குறுக்க நின்னா? அதான் ஆயா பிரச்சனையே. மீன் புடிக்க ஆத்துல வெடி போடறாங்கன்னு சொன்னப்பதான் அவங்களுக்குக் கோவமே வந்துச்சு, "குஞ்சு குளுவான்லாம் செத்துப் போயிடுமே, தொழில் பண்றவன் செய்யற வேலையா இது"ன்னாங்க. நல்லது செய்யறோம்னு மகாராஷ்டிரா லோனாவாலாவுல இருக்கற மீன் பண்ணையில பொரிச்ச வேற ஊர் நீலத்துடுப்பு மஹ்சீர காவேரியில கொண்டாந்து விட்டது, அது பெருகிப் பெருகி இத ஓரங்கட்டிட்டது, அதயும் சொன்னேன். மண்ணள்றதயும் சொன்னேன், அதுக்கு ஆயா தலைய மட்டும் ஆட்டுனாங்க, நம்ம பெண்ணையாறும் கண்ணெதிர்ல தானே இருக்கு. நான் இத எத்தனையோ பேர்கிட்ட பேசியிருக்கேன், பாவம்னுட்டுப் போயிடுவாங்க. மீனாலயே வயித்தக் கழுவற ஒருத்தங்க, தான் பாத்தே இராத ஒரு மீனுக்காக அன்னிக்கு வருத்தப்பட்டாங்க, அது எனக்கு எவ்ளோ பெரிய தெம்புன்னு எழுத்துல சொல்லத் தெரியல.

காசு குடுத்தேன், வாங்கல. டீ மட்டும் குடிச்சாங்க.

நேத்து பசங்க வரிசையா வந்து அந்தச் செதிலத் தடவித் தடவிப் பாத்தாங்க. இந்த மீன மூலையில போட்டு வெக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீராணத்துத் தண்ணி கொள்ளிடத்துலேருந்து வருது, அதுவும் காவேரிதான், அதனால மொதல்ல காட்டுமன்னார்கோயில், அப்புறம் அணைக்கரை, அங்கருந்து ஆத்த ஒட்டியே மேல மேட்டூர் வரைக்கும் ஸ்கூல் ஸ்கூலா கொண்டு போகப்போறேன். வேன் வெச்சிருக்கறவங்க, ஆத்தோர ஊர்ல வாத்தியாரா இருக்கறவங்க சொல்லுங்க. ஆயா, உங்க பேத்தி இத படிச்சுக் காட்டுவான்னு நம்பறேன், காட்டுமன்னார்கோயிலுக்கு நீங்களும் வரணும், செதில் ஒட்டறத அந்தப் பசங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.