வந்து சேராத மூன்று செய்திகள்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

பாட்டி இப்போது நலமாக இருக்கிறார். இடுப்பு வீக்கம் வற்றிவிட்டது. நேற்று தாமே வாசல்வரை நடந்துபோய்ப் பூஜைக்குச் செம்பருத்தி பறித்து வந்தார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நான் அனுப்பிய மூன்று குறுஞ்செய்திகளில் ஒன்றுகூட உனக்குக் கிடைக்கவில்லை என்பது, மறுவாரம் நீ அழைத்து, ‘ஏனப்பா, யாருமே சொல்லவில்லை?’ என்று அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. நடந்ததை உனக்கு முழுமையாகச் சொல்ல வேண்டும்.

திறன்பேசியும் புலனமும் (வாட்ஸ்அப்) வேண்டாமென்று நீ மடக்குக் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, மின்னஞ்சலில் பெறுநர் இடத்தில் உன் பத்து இலக்க எண்ணையும் அதன்பின் உன் தொலைபேசி நிறுவனம் அதற்கென வைத்திருந்த முகவரியையும் இட்டால் போதும் என்று கற்றுக்கொடுத்தாய். இங்கே கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் நான் எழுதியது சிகாகோவில் உன் கையில் குறுஞ்செய்தியாக ஒலித்தது. உன் பதில் என் மின்னஞ்சல் பெட்டிக்கே வந்தது. எனக்கு ஒரு சென்னும் செலவில்லை.

ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டுகள் மட்டுமே கொள்ளும் என்பதால் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள், தமிழிலோ 70 இடங்கள்தாம். புள்ளியும் காலும் கொம்பும்கூடத் தனித்தனி இடம் பிடிப்பதால், ‘அம்மா’ என்று எழுதவே ஐந்து இடம் போய்விடுகிறது. அதனால் தலைப்பை வெறுமையாக விட்டேன், அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் என் பெயர் முகவரியை நீக்கினேன். ‘தண்ணீர்மலை ஏறினோம். உன் பெயரில் அர்ச்சனை செய்தோம்.’ என்பது சரியாக ஐம்பது இடங்கள். தைப்பூசத்தன்று அதை எண்ணி எண்ணி எழுதியது எனக்கு எத்தனை மகிழ்ச்சியாக இருந்தது தெரியுமா!

அந்த வழியை உன் தொலைபேசி நிறுவனம் 2025 ஜூனில் மூடிவிட்டது. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக இட்டு எவரும் எந்த எண்ணுக்கும் எழுதலாம் என்பதால், மோசடிக்காரர்களும் விளம்பரக்காரர்களும் அதே வாயில் வழியாகவே நுழைந்தார்கள். அது திறந்திருந்த காலத்திலும், செய்தி உன் கைக்கு வந்ததா என்பதை நீ பதில் போட்டால்தான் நான் அறிய முடிந்தது. பாட்டி விழுந்தபோது இங்கே காலை ஆறு மணி, அங்கே முந்தைய நாள் மாலை ஐந்து. நீ ஆய்வகத்தில் இருப்பாய், அழைத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணிக் கணினியின்முன் உட்கார்ந்தேன். அது என் தவறு, மகளே.

இனி அவசரமென்றால் 00, பிறகு 1, பிறகு உன் எண் என்று நேரே அழைப்பேன். நீ எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அழைப்பேன். உன் அறைத்தோழியின் எண்ணையும் எனக்கு அனுப்பி வை. மற்ற செய்திகளை முழு மின்னஞ்சலாகவே எழுதுகிறேன், நூலகக் கணினியில் வாரம் ஒருமுறை பார். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, அங்கே காலை எட்டு மணிக்கு, அழைக்கிறேன். பாட்டியும் பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
அப்பா