ஓடுற கணக்கை நடுவுலயே பார்த்து மாத்தணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

2014 ஒக்டோபர் 29ல கொஸ்லந்தை பக்கம் மீரியபெத்தை தோட்டத்துல மலை சரிஞ்சு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தையே மூடினத நாங்க மறக்கல. மழைத்தண்ணி எவ்வளவு ஊறினா சரிவு தாங்காதுன்னு கம்ப்யூட்டர்ல நூத்துக்கணக்கான புரொசசருக்குப் பிரிச்சுக் குடுத்து கணக்குப் பார்க்கலாம், ஆனா வழக்கமா கணக்கு ஓடி முடிஞ்ச பிறகுதான் விடையைப் படமா பார்க்கிறாங்க, அதுக்குள்ள இங்க மழை கூடிரும். ஓடும்போதே திரையில பார்த்து, மழை அளவை மாத்திட்டு, நிறுத்தாம தொடர்ந்து ஓட்டுறது புதுசில்ல, அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்து எஸ்சிஐரன், ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்து கியூமல்வ்ஸ்ங்கிற ரெண்டு மென்பொருளும் 1990கள்லயே செஞ்சதுதான். எல்லா புரொசசரும் கணக்கோட ஒரே ஸ்டெப்புல நிக்கிறப்பதான் அளவை மாத்தணும், இல்லாட்டி பாதி மலைக்கு பழைய மழை, மீதிக்கு புது மழைன்னு விடையே குழம்பிரும், கஷ்டமான வேலை அதுதான். பேராதனையில கம்ப்யூட்டர் படிக்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இத ப்ராஜெக்டா குடுக்கச் சொல்லி உங்க பத்திரிகை எழுதணும் ஐயா.

கொஸ்லந்தை வாசகர்