பத்தொன்பது நாள் காத்திருந்த இரண்டு வரி

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? போன வாரம் பேசும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட, “அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாய். இன்னும் கூப்பிடவில்லை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் காலையிலிருந்து மழை. பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் மூன்று மாதமாக எனக்கு ஒரு புது வேலை. எல்லாக் குழுக்களும் பொதுவாகப் பயன்படுத்தி, பொதுவாகத் திருத்தும் மென்பொருள்கள் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று அளந்து சொல்ல வேண்டும். நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம் என்ற ஓப்பன் சோர்ஸ் வேலைமுறையை ஒரு நிறுவனத்துக்குள்ளேயே நடத்துவதை இன்னர்சோர்ஸ் என்கிறார்கள் அல்லவா, அதுதான். தொழில்நுட்பப் புத்தகப் பதிப்பாளர் டிம் ஓரைலி 2000இலேயே வைத்த பெயர்.

முதல் மாதம் எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு ஒன்று செய்தேன். எத்தனை கமிட் (நிரலில் பதிவான மாற்றம்), எத்தனை இஷ்யூ (புகார்) மூடப்பட்டது, எத்தனை பேர் பங்களித்தார்கள், புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் திருத்தம்) வந்தால் எவ்வளவு நேரத்தில் முதல் பதில். எல்லாம் பச்சை. மேலதிகாரிக்கும் ரொம்பத் திருப்தி.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு விஷயம் சொன்னான். பொது நிரலில் ஒரு பிழை. நாள், மாதம் என்று வரும் தேதியை அது மாதம், நாள் என்று படித்துவிடுகிறது. மே 3 மார்ச் 5 ஆகிவிடும். பையன் திருத்தம் எழுதி அனுப்பினான், இரண்டே வரி. 19 நாள் காத்திருந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தக் கோப்பையே நகலெடுத்துத் தன் வேலைக்குள் போட்டுக்கொண்டான். தேடிப் பார்த்தேன். அதே கோப்பு இன்னும் ஐந்து இடத்தில் நகலாகக் கிடந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திருத்தப்பட்டு.

என் டாஷ்போர்டு அந்த மென்பொருளுக்கு முதல் பதில் ஒரு நிமிடத்துக்குள் வருவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எப்படி என்று கிளறினேன். புல் ரிக்வெஸ்ட் வந்தவுடன் சோதனைகளைத் தானாகவே ஓட்டும் பாட் என்ற நிரல் ஒன்று “நன்றி, சோதனை தொடங்கியது” என்று எழுதும். அதைத்தான் பதில் என்று எண்ணியிருக்கிறேன். பாட்களை விலக்கி, சராசரிக்குப் பதில் நடுமதிப்பை எடுத்து, சொந்தக் குழுவினரையும் வெளிக் குழுவினரையும் பிரித்துப் பார்த்தேன். சொந்தக் குழுவுக்கு 5 மணி நேரம். வெளியாருக்கு 16 நாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நிறுவனம் முழுக்கப் பொது என்று சொல்லிக்கொண்ட கதவு உள்ளிருப்பவர்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது.

இந்த அளவீடுகளை ஒழுங்குபடுத்தவே கேயாஸ் என்ற திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பில் 2017 முதல் நடக்கிறது. எனக்கு அவர்களிடம் பிடித்தது, முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேள், எண்ணுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள் என்பது. அவர்கள் அளவீடு ஒன்றை முன்பு பஸ் ஃபேக்டர் என்பார்கள். மொத்தப் பங்களிப்பில் பாதியைச் செய்வது எத்தனை பேர்? அவர்கள் நாளை வராவிட்டால் என்ன ஆகும்? ஆளை பஸ்ஸில் அடிபடச் செய்யும் பேச்சு வேண்டாம் என்று இப்போது பெயரையே மாற்றிவிட்டார்கள். நல்லதுதான்.

ஆனால் அந்த எண்ணையும் முழுசாக நம்ப முடியவில்லை. எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கிறதா? 2024 மார்ச். லாசே காலின் என்ற ஒருவர் சம்பளமில்லாமல் பல ஆண்டு தனியாகத் தாங்கிய, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். அவர் மனச்சோர்வில் இருந்த காலத்தில் ஏன் இவ்வளவு தாமதம் என்று சிலர் நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பொறுமையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்தார். தொலைவிலிருக்கும் கணினிக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் பிடித்தார். யோசித்துப் பார். அந்த இரண்டு ஆண்டும் என் டாஷ்போர்டை அங்கே மாட்டியிருந்தால் என்ன காட்டியிருக்கும்? புதிய பங்களிப்பாளர், கூடுதல் கமிட், ஒருவர் தாங்கியதை இருவர் தாங்குகிறார்கள். தேறி வருகிறது என்றுதான் நானும் எழுதியிருப்பேன். காலினிடம் ஒருவர் பரிவாகப் பேசியிருந்தால் தெரிந்திருக்கும் அவருடைய நிலைமை.

அதனால் இப்போது மாதம் ஒரு முறை மென்பொருள்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களை நேரில் பார்த்துப் பேசுகிறேன். அந்தத் தேதி நிரலைப் பார்த்துக்கொள்பவர் பாவம், இரண்டு பேர் வேலையை ஒரு வருடமாகத் தனியாகச் செய்கிறார். வெளியார் அனுப்பும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் அது உடைந்தால் நாளை தன் தலையில் விழுமே என்ற பயம் அவருக்கு. இன்னர்சோர்ஸில் முப்பது நாள் உத்தரவாதம் என்று ஒரு வழக்கம் உண்டு, அனுப்பிய குழுவே ஒரு மாதம் பிழைகளுக்குப் பொறுப்பு. அதைக் கொண்டுவந்தோம். பையனின் இரண்டு வரி போன செவ்வாய்க்கிழமை உள்ளே போய்விட்டது.

நடுவில் இந்த எண்களை போனஸோடு இணைக்கலாம் என்றொரு யோசனை வந்தது. கூடவே கூடாது என்று சொன்னேன். ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020இல், ஒரு டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்கக் குப்பை புல் ரிக்வெஸ்ட் குவிந்ததே!

போன மாதம் தேக்காவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் அப்பக் கடையை மூடிவிட்டார்கள். கடைசி நாள் வரைக்கும் அதே நீள வரிசை. மாவு பதம் தெரிந்தவர் அந்த ஐயா ஒருவர்தான், முட்டி வலியால் நிற்க முடியவில்லை. பதினொரு வருடம் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், ஒரு நாள் கூட அவர் காலைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் உன் சொற்பிழை திருத்தியின் நிரல் இருக்கும் ரெப்போவைத் திறந்தேன். கோபித்துக்கொள்ளாதே. கடந்த இரண்டு வருட கமிட்டில் ஏறக்குறைய எல்லாமே நீ. இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் போட்டவை. முன்பெல்லாம் யாராவது கேட்டால் இரண்டு பத்தி விளக்குவாய். இந்த வருடம் “பார்க்கிறேன்” என்ற ஒரு சொல்தான். போனிலும் அதே குரல்தான் கேட்டது எனக்கு.

சந்திப் பிழைகளுக்கான சோதனைகளை என்னிடம் கொடு, சனிக்கிழமை காலை எனக்கு ஓய்வுதான். புது வெளியீடு போடும் முறை உன் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ஒரு மணி நேரம் போனில் சொல், நான் எழுதி வைக்கிறேன். பாஸ்வேர்டு எதுவும் இப்போது வேண்டாம். என் வேலையைச் சில மாதம் பார்த்துவிட்டு நம்பிக்கை வந்தால் கொடு, நண்பன் என்பதற்காகக் கொடுக்காதே.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல். சனிக்கிழமை உங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், எடு.

அன்புடன்,
முரளி